ஏரி கோடி போவதற்கு முன்

‘காஞ்சிபுரம் மாவட்டத்தில் கனமழைக்கு வாய்ப்பு’ என்று செல்போனில் வந்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். அதை அடுத்த வாட்ஸ்அப் குழுவுக்குத் தள்ளிவிட்டுப் படுத்துவிடுவோம். வானிலை மையத்தின் கணக்கில் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல். அதே மழை நாள் முழுக்கத் தூறினால் நம் திருப்புட்குழி ஏரிக்கு நல்லது. இரண்டே மணி நேரத்தில் கொட்டினால் நெசவாளர் வீட்டுக் குழித்தறியில் தண்ணீர் நிற்கும். எச்சரிக்கையை ஊருக்கேற்ற முடிவாக மாற்றுவது மீட்புக்கு முதலில் ஓடும் நம் ஆட்களின் வேலை.

மௌசம், டி.என்.அலர்ட் இரண்டு செயலிகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். மாவட்ட, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைகளின் 1077, 1070 எண்களைப் பதிந்துவையுங்கள். அவ்வளவுதான், மேலே போவோம்.

அடுத்த மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்பு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தில் வரும். ஆரஞ்சு தெரிந்ததும் ரேடார் படத்தைத் திறங்கள். பலரும் தடுக்கி விழுவது படத்தின் நேரத்தில். யு.டி.சி. (உலகப் பொது நேரம்) என்று போட்டிருந்தால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அதைக் கவனிக்காமல், இப்போது எடுத்த படத்தைப் பழையது என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள், நாலைந்தை வரிசையாக ஓடவிட்டுப் பாருங்கள். ஆடி, ஆவணி இரவுகளில் இடிமேகம் பெரும்பாலும் வேலூர்ப் பக்கமிருந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் பக்கமிருந்து. வந்த மேகம் நகர்ந்துபோனால் பயமில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அதே தடத்தில் வந்துகொண்டிருந்தால் தூக்கத்தை மறந்துவிடுங்கள்.

இனிதான் கஷ்டமான வேலை. எத்தனை மில்லிமீட்டருக்கு நம் தெரு மூழ்கும் என்பதை எந்தச் செயலியும் சொல்லாது, நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். பக்கம் நேராகவும் அடி தட்டையாகவும் உள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வையுங்கள். வாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் சரி, ஸ்கேலில் அளந்த ஆழமே மழையளவு. பிளாஸ்டிக் பக்கெட் மட்டும் வேண்டவே வேண்டாம். மேலே விரிந்து கீழே குறுகுவதால் அளவைக் கூடுதலாகக் காட்டும். மழை வலுத்தால் அரை மணிக்கு ஒரு முறை அளக்க வேண்டும். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்பவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள்.

அளந்ததை நோட்டில் எழுதுங்கள். கூடவே மண் காய்ந்திருந்ததா, ஏரி நிரம்பி வழிந்து கோடி போக இன்னும் எத்தனை அடி, கோயில் குளமான ஜடாயு தீர்த்தத்தில் தண்ணீர் எதுவரை, எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறியது என்பதையும் எழுத வேண்டும். ஏழெட்டு மழைக்குப் பிறகு நோட்டே பதில் சொல்லும். உதாரணமாக, ஏரி காலியாக இருந்தபோது 80 மி.மீ. தாங்கிய தெரு, ஏரி ததும்பும்போது 40-க்கே மூழ்கலாம். உங்கள் தெருவின் எண் வேறாக இருக்கும். தெற்காசிய நாடுகளுக்காக 2020 அக்டோபரில் தொடங்கப்பட்ட திடீர் வெள்ள வழிகாட்டி முறையும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது: மண் இன்னும் எவ்வளவு குடிக்கும், அதற்கு மேல் எவ்வளவு பெய்தால் ஓடை கரை மீறும் என்று பார்த்து, ஆறு மணி நேரம் முன்னதாக எச்சரிக்கிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் நாலு கிலோமீட்டருக்கு நாலு. நம் தெரு அதற்குள் ஒரு புள்ளி.

ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் பத்து லட்சம் லிட்டர் தண்ணீர். இரண்டு சதுர கிலோமீட்டரில் 50 மி.மீ. என்றால் பத்துக் கோடி. ஏரியும் மண்ணும் குடித்தது போக மீதி முழுக்கத் தாழ்வான தெருவைத் தேடித்தான் வரும். ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே சிறுபாலங்களுக்கு அடியில் குனிந்து பாருங்கள், குப்பை அடைத்திருக்கும்.

தெரு மூழ்கும் என்று நோட்டு சொல்லும் அளவில் பாதி பெய்ததுமே தறி வீடுகளுக்குச் சொல்லிவிட வேண்டும். முழுசாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது, இது என் கட்டாய விதி. குழியில் தண்ணீர் அடியிலிருந்தே ஊறும், வாசலுக்கு வரும்வரை காத்திருக்காது. தறியில் ஏற்றிய பாவு நூலை நினைத்த நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது.

1077-க்குப் பேசும்போது ‘தண்ணி ஏறுது சார், சீக்கிரம் வாங்க’ என்றால் யாரை எங்கே அனுப்புவது? ‘திருப்புட்குழி, இரவு 11.40, கடந்த ஒரு மணி நேரத்தில் 45 மி.மீ., கோடி போக அரை அடி, மழை விடவில்லை, நடக்க முடியாத முதியவர் இரண்டு பேர்’ என்று சொல்லுங்கள்.

பாலாற்றங்கரைக்குப் போகும் குழுவுக்குத் தனியாக ஒரு வார்த்தை: ஆற்றுக்கு இந்தப் பாத்திர மழைமானி உதவாது. 2021 நவம்பரில் பாலாற்றின் வாலாஜா அணைக்கட்டை விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் தாண்டிவந்ததே, அதில் பெரும்பங்கு மேலே சித்தூர்ப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் பெய்த மழை. அணைக்கட்டின் நீர்வரத்தைக் கேட்டுக்கொண்டே இருங்கள். புயல் கரை கடந்ததும் மூட்டை கட்டிவிடவும் வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதற்குப் பிறகுதான் கடலே பார்க்காத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது.

பாத்திரமும் ஸ்கேலும் வீட்டிலேயே இருக்கின்றன. ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு நோட்டு மட்டும் வாங்கிவிடுங்கள்.