டீத்தூள் இல்லாத மசாலா டீ: குடித்துப் பார்த்தோம்



கோவில்பதாகையில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பும் கடன் தவணையும் எழுதி முடித்தவுடன் வழக்கம்போல டீ வந்தது. ஒரு அக்கா முந்தானையில் முடிந்திருந்த மாத்திரையை எடுத்து டீயோடு விழுங்கினார். என்ன மாத்திரை என்று கேட்டேன். "ரத்தம் கம்மியா இருக்குன்னு ஆஸ்பத்திரியில குடுத்த சத்து மாத்திரைங்க. மூணு மாசமா சாப்பிடுறேன், எட்டு எட்டாவே நிக்குது" என்றார்.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், அதாவது 100க்கு 53 பேர், ரத்தசோகை உள்ளவர்கள். நம் குழுவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

டீயில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அதுதான் டானின். மாத்திரையிலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை அது வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும்; ரத்தத்தில் சேர விடாது. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அந்த அக்காவுக்கு டீதான் முழுக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, குடற்புழு என்று வேறு காரணங்களும் உண்டு. டாக்டரிடம் திரும்பக் காட்டச் சொன்னேன்.

"அப்போ டீயை விட்டுட்டு என்னத்தைக் குடிக்கிறது?" என்று எல்லோரும் கேட்டார்கள். அதற்காகத்தான் அடுத்த கூட்டத்தில் ருசி பார்க்கும் பயிற்சி வைத்தோம்.

நான்கு தம்ளர். அடியில் சாக்பீஸால் எண் போட்டோம். முதலாவது, இஞ்சி, ஏலக்காய், பட்டை, கிராம்பு போட்ட வழக்கமான மசாலா டீ. இரண்டாவதில் அதே மசாலா, டீத்தூள் மட்டும் கிடையாது. மூன்றாவது சுக்குமல்லி. நான்காவதில் சுக்குமல்லியோடு காய்ந்த ஆவாரம்பூ. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாய் கொப்பளித்துக் கொண்டோம்.

இரண்டாவது தம்ளரில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். "வாசனை டீக்கடை, வாயில வெந்நீர்" என்றார் ஒரு சகோதரி. சரியான தீர்ப்பு! மசாலா வாசனையைத்தான் தரும். டீயின் கனமும் துவர்ப்பும் டீத்தூளிலிருந்து வருபவை. மூன்றாவதை ஒரு பாட்டி "ரசம் மாதிரி இருக்கு" என்று தள்ளிவிட்டார். கொத்தமல்லியைப் பச்சையாக அரைத்தது எங்கள் தப்பு. மறுபடி, நிறம் மாறும் வரை வறுத்துப் பொடித்தோம். இப்போது கனம் வந்துவிட்டது, பாட்டி இரண்டாவது தம்ளர் கேட்டார். நான்காவதுதான் டீக்கு ரொம்பக் கிட்டே வந்தது. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். அந்தத் துவர்ப்பும் டானின்தான். ஆவாரம்பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்துவது அதற்காகத்தானே.

இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. காஃபின் வேறு, டானின் வேறு. தூக்கத்தைக் கலைப்பதும் சுறுசுறுப்பைத் தருவதும் காஃபின். ஒரு கப் டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் இருக்கும். நாளைக்கு 300க்கு மேல் போகக் கூடாது என்கிறது அதே வழிகாட்டி. அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகும் ஒரு தங்கை டீயை ஒரேயடியாக நிறுத்தி, "மூணு நாள் தலை இடிச்சுதுக்கா" என்றாள். அது காஃபின் பழக்கம் விடுபடும்போது வரும் தலைவலி. தினம் ஒரு தம்ளராகக் குறைத்தால் அவ்வளவு தெரியாது. சுக்குமல்லியில் காஃபின் இல்லை, ராத்திரியிலும் குடிக்கலாம். ஆனால் பட்டை, கிராம்பு, ஆவாரம்பூ எதிலும் துவர்ப்பு உண்டு. ஆகவே சத்து மாத்திரையை இதோடும் விழுங்காதீர்கள். தண்ணீரில் போடுங்கள், எலுமிச்சைச் சாறு இன்னும் நல்லது.

தென் ஆப்பிரிக்காவில் ரூயிபோஸ் என்று ஒரு செடி. அதன் இலையில் இயற்கையிலேயே காஃபின் கிடையாது. அதில் ஏலம், பட்டை சேர்த்து மசாலா டீ போல வெளிநாடுகளில் விற்கிறார்கள். இலங்கையில் சளி பிடித்தால் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பார்கள். நமக்குக் கப்பலில் எதுவும் வர வேண்டாம், அஞ்சறைப்பெட்டி போதும்.

எங்கள் அளவு: வறுத்த கொத்தமல்லி 100 கிராம், மேல்தோல் சீவிய சுக்கு 50 கிராம், மிளகு ஒரு ஸ்பூன், ஏலக்காய் 10. ஒரு தம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் பொடி, கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டவும். பால் வேண்டுமென்றால் இறக்கிய பிறகு ஊற்றுங்கள், அடுப்பில் வைத்தே ஊற்றினால் திரியலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டி நல்லதுதானே என்று அள்ளிப் போட வேண்டாம். வயிற்றுப்புண் உள்ளவர்கள் மிளகைக் குறைக்கவும்.

பாக்கெட் போட்டு விற்கலாமே என்று உடனே பேச்சு வந்தது. விற்கலாம். அதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எண் வாங்க வேண்டும். பெயரிலும் கவனம். தேயிலைச் செடியிலிருந்து வராத எதற்கும் 'டீ' என்று பெயர் போடக் கூடாது என்று 2025 டிசம்பரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தெளிவாகச் சொல்லிவிட்டது, 'மூலிகை டீ' என்றாலும் தவறுதான். 'ரத்தசோகை தீரும்' என்று அச்சடிப்பதும் கூடாது.

குழுவினர் 'சுக்குமல்லிப் பொடி' என்றே முடிவு செய்திருக்கிறார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் 'சத்து மாத்திரையோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம்' என்று ஒரு வரி போடச் சொன்னது, அந்த மாத்திரை அக்காதான்.