அச்சமும் வினாநிரலும்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதற்றநோய் கண்டறிதல்

அச்சம் என்னும் மெய்ப்பாட்டிற்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்பன அவை. நான்கும் அஞ்சுவோர்க்குப் புறத்தே நிற்பவை. விலங்கு வந்தால் அஞ்சுகிறோம், அகன்றால் தெளிகிறோம். எனினும் விலங்கும் கள்வரும் இல்லாதவிடத்தும் நெஞ்சு படபடத்து, உறக்கம் கெட்டு, ஏதோ தீங்கு வரப்போகிறது என்று திங்கள் கணக்கில் நடுங்கும் நிலை ஒன்று உண்டு. இதனைப் பதற்றநோய் என்பர். ஈழத்தார் பதகளிப்பு என்னும் நல்லதொரு சொல்லை ஆளுகின்றனர். இந்நோயை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வினாநிரல் கொண்டு அறிய இயலுமா, அதில் தமிழ் பயில்வோர்க்கு என்ன பணி உண்டு என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மெய்யில் தோன்றும் நோய்

உள்ளத்து உணர்வு மெய்யின்கண் புலப்படுவதே மெய்ப்பாடு. பதற்றநோயும் அவ்வாறே உடல்வழியாகத்தான் மருத்துவரை அடைகிறது. வண்டியூர்க் கண்மாய்ப் பக்கமிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். "மனம் பதறுகிறது" என்று அவர் சொல்வதில்லை. "நெஞ்சு படபடங்குது, கைகால் உதறுது, வாயு ஏறி அடைக்குது" என்றே சொல்வார். மருத்துவர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயத்தில் குறையில்லை என்பார். அச்செய்தி ஒரு வாரம் ஆறுதல் தரும். பின்னர் மீண்டும் படபடப்பு, வேறு மருத்துவர், மற்றோர் இ.சி.ஜி. இறுதியில் யாரோ எழுதித் தந்த தூக்கமாத்திரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, விட முயன்றால் விடமுடியாத பழக்கமாகிவிடும்.

பயந்த கோளாறு என்று கருதித் தண்ணீர் ஓதி வாங்குவதும், திருநீறு இடுவதும் நம் வட்டாரத்தில் இயல்பு. அவை தரும் ஆறுதலைக் குறைத்துப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. துஆவுடன் தவாவும் சேரவேண்டும் என்பதே ஈண்டு வற்புறுத்தத்தக்கது.

ஏழு வினாக்கள்

உடல்நலக் குறையெனக் கூறி வருவோரிடம் மறைந்திருக்கும் மனத்துயரை வினாக்களால் அறியும் முயற்சி புதிதன்று. இங்கிலாந்தின் டேவிட் கோல்ட்பர்க் 1972இல் பொதுநல வினாநிரலை வெளியிட்டார். பதற்றநோய்க்கெனவே அமைந்தது ஜி.ஏ.டி.-7 என்பது. அமெரிக்காவில் 15 முதல்நிலை மருத்துவகங்களில் 2,740 பேரிடம் ஆய்ந்து, ஸ்பிட்சரும் அவர்தம் குழுவினரும் 2006இல் இதனை வெளியிட்டனர். படபடப்பு, கவலையை அடக்க இயலாமை, பலவற்றைப் பற்றியும் மிகையாகக் கவலுதல், ஓய்வுகொள்ள இயலாமை, இருப்புக் கொள்ளாமை, எரிச்சல், தீங்கு நேருமோ என்னும் அச்சம் ஆகிய ஏழும் சென்ற இரண்டு வாரங்களில் எவ்வளவு தொல்லை தந்தன என்று கேட்கப்படும். விடை ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேலாயின் மருத்துவர் மேலும் ஆராய வேண்டும்.

மேலும் ஆராய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 10ஐ எல்லையாகக் கொண்டால், பொதுப் பதற்றநோய் உடையோரில் 89 விழுக்காட்டினரை இவ்வினாநிரல் பிடித்துவிடுகிறது. நோய் இல்லாதோரில் 82 விழுக்காட்டினரை விலக்கிவிடுகிறது. நல்ல கருவிதான். ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,000 பேர் வருகின்றனர், அவர்களுள் 50 பேருக்கு நோய் உண்டு எனக் கொள்வோம். 50இல் ஏறத்தாழ 45 பேர் அகப்படுவர். மீதி 950 பேரில் 171 பேர் நோயின்றியே 10ஐத் தாண்டுவர். ஆக, அகப்பட்ட 216 பேரில் ஐந்தில் ஒருவர்க்கே அந்நோய். எஞ்சியோருள் சிலருக்கு மனச்சோர்வோ வேறுவகைப் பதற்றமோ இருக்கலாம். சிலருக்குத் தைராய்டுச் சுரப்பு மிகுதி, இரத்தசோகை போன்ற உடற்காரணங்கள் இருக்கலாம். எனவே வினாநிரல் தீர்ப்பன்று. யாரிடம் இன்னும் பத்து நிமிடம் பேசவேண்டும் என்பதைக் காட்டும் குறிப்பே ஆகும்.

மொழியின் பங்கு

மேற்கூறிய எண்கள் அனைத்தும் அமெரிக்க நோயாளரிடம் பெறப்பட்டவை. வினா தமிழுக்கு வரும்போது சொல் தவறினால் எண்ணும் தவறும். முதல் வினாவிலேயே இடர் தொடங்குகிறது. அங்குள்ள ஆங்கிலச் சொல்லை அகராதி பார்த்து "நரம்புத் தளர்ச்சி" என்று பெயர்த்துவிட்டால், சுவரொட்டி வைத்தியர்களின் விளம்பரம் நினைவுக்கு வந்து, ஆடவர் அனைவரும் இல்லை என்றே விடையளிப்பர். "கவலை" என்பதோ துயரத்தையும் பொறுப்பையும் ஒருங்கே குறிப்பது. மணப்பருவப் பெண்ணின் தந்தையிடம் "கவலைப்படுகிறீர்களா?" என்றால், கவலைப்படாமல் எப்படி என்று திருப்பிக் கேட்பார். அடக்கமுடியாமை என்னும் கூறு வினாவில் தெளிவாக நிற்றல் வேண்டும். ஏழாம் வினாவில் அச்சம் எதைப் பற்றியது என்பதும் விளங்கவேண்டும், இறையச்சம் நற்பண்பு எனக் கற்றவர், "அச்சம் உண்டா?" எனில் உண்டு என்று பெருமிதத்துடன் சொல்லக்கூடும்.

கால அளவும் அத்தகையதே. "பாதி நாட்களுக்கு மேல்" என்று எண்ணிப் பார்த்து விடை சொல்லும் வழக்கம் நம் மக்களிடம் இல்லை. "முந்தின வெள்ளிக்கு முந்தின வெள்ளியிலிருந்து" என்று நாளைக் குறித்துக் கேட்டால் நினைவு தெளிவாகும். எழுதப்படிக்க அறியாதார்க்குச் செவிலியர் படித்துக் காட்ட நேர்வதால், மாமியாரும் கணவரும் அருகில் இல்லாத இடமும் வேண்டும்.

கோவா தரும் பாடம்

வினாநிரலுக்குப் பின் என்ன என்பதற்குக் கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய மானஸ் ஆய்வு விடை தருகிறது. 12 ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 12 தனியார் மருத்துவகங்களிலும் 2,796 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். முடிவுகள் 2010இல் வெளியாயின. எல்லா இடங்களிலும் வினாநிரல் கேட்கப்பட்டது. விடை மருத்துவர்க்கும் தெரிவிக்கப்பட்டது. பாதி இடங்களில் மட்டும், மருத்துவக் கல்வி பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். நோயை விளக்குவதும், மூச்சுப் பயிற்சி முதலியன கற்பிப்பதும், வராதவரைத் தேடுவதும் அவர் பணி. அரசு நிலையங்களில், ஆறு திங்களுக்குப் பின் ஆலோசகர் இருந்தவிடத்து நோயுற்றோரில் நூற்றுக்கு 66 பேர் நலமடைந்திருந்தனர். இல்லாதவிடத்து 43 பேரே. தனியாரிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை. அங்கு நோயாளரை மருத்துவர் முன்பே நன்கு அறிந்திருந்தது காரணமாகலாம் என்பது என் கருத்து.

தமிழ்த்துறை மாணவர்க்கு இதில் செய்யத்தக்க எளிய களப்பணி ஒன்று உண்டு. ஏழு வினாக்களையும் தம் பாட்டியாரிடம் படித்துக் காட்டி, விடையைக் கேளாது, "இந்தக் கேள்வியில் என்ன கேட்கிறார்கள்?" என்று மட்டும் வினவவேண்டும். அவர் சொல்வதை அவர் சொன்னவாறே எழுதி, மூலத்தை அறியாத மற்றொரு மாணவரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் பெயர்க்கச் செய்தல் வேண்டும். மூலத்தோடு எங்கே மாறுபடுகிறதோ, அங்கே நம் சொல்லைத் திருத்தவேண்டும்.