சாம்ப்ளர் பதிவில் ‘டிக்’ ஓசையா? எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

பழைய சாம்ப்ளரைக் கம்ப்யூட்டருடன் இணைத்துப் பதிவு செய்பவர்களுக்கு வரும் பெரிய தொல்லை, இசைக்கு நடுவே கேட்கும் ‘டிக்’ ஓசை. உடனே பலர் கேபிளை மாற்றுவார்கள். சவுண்ட் கார்டைக் குறை சொல்வார்கள். சிலர் ஒரிஜினல் பதிவையே வெட்டத் தொடங்கிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். இந்த ஓசைக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு காரணத்திற்கும் ‘டிக்’ வரும் நேரம் வேறு. அதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சாம்ப்ளர் என்றால் என்ன?

ஏதேனும் ஓர் ஓசையைப் பதிந்து வைத்துக் கொண்டு, கீபோர்டின் கட்டைகளை அழுத்தும்போது அதை வெவ்வேறு சுருதிகளில் ஒலிக்கும் சாதனம் இது. 1988ல் அகாய் நிறுவனம் வெளியிட்ட எஸ்1000 இவற்றில் புகழ் பெற்றது. இது 16 பிட் தரத்தில், நொடிக்கு 44,100 முறை ஓசையை அளந்து எண்களாக மெமரியில் வைக்கிறது. இதனுடன் வந்த மெமரி வெறும் 2 எம்.பி. மோனோவில் ஏறக்குறைய 23 நொடிகள்தான் பதியலாம். மின்சாரம் நின்றால் மெமரியில் உள்ளது அழிந்துவிடும். எனவே எந்தச் சோதனைக்கும் முன்னால் பதிவை டிஸ்க்கில் சேமித்து விடுங்கள். அது மீண்டும் கிடைக்காத ஒருவரின் குரலாகக் கூட இருக்கலாம்.

‘டிக்’ எப்படிப் பிறக்கிறது?

ஓசை அலை படிப்படியாக ஏறி இறங்கும். அடுத்தடுத்த எண்களும் அப்படியே மாறும். ஏதோ ஓர் இடத்தில் எண் திடீரென்று தாவினால் ஸ்பீக்கரின் கூம்பும் அதே போல வெடுக்கென்று தாவும். அதுதான் நமக்கு ‘டிக்’ என்று கேட்கிறது.

முதலில் இரண்டு சோதனைகள்

1. ஹெட்போனை நேரடியாகச் சாம்ப்ளரில் மாட்டிக் கேளுங்கள். ஓசை சுத்தமாக இருந்தால் குறை அதற்கு வெளியே, அதாவது கேபிளிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது.

2. அங்கேயும் ‘டிக்’ கேட்டால், அதே கட்டையை மூன்று முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கேட்டால் குறை பதிவிலோ அதன் அமைப்பிலோ உள்ளது. இடம் மாறினால் ஜாக், திருகு குமிழ் போன்றவற்றைச் சந்தேகப்படுங்கள்.

சாம்ப்ளருக்குள் இருக்கும் காரணங்கள்

தொடக்கத்தில் அல்லது முடிவில் மட்டும் வந்தால்: அலை உச்சியில் இருக்கும்போது பதிவு வெட்டப்பட்டிருக்கிறது. தொடக்க, முடிவுப் புள்ளிகளைச் சற்று நகர்த்தி, அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்தில் வையுங்கள். இதனை ஜீரோ கிராசிங் என்பார்கள். அட்டாக், ரிலீஸ் அளவுகளைச் சிறிது கூட்டினாலும் போதும். ஒரிஜினலைத் தொட வேண்டியதில்லை.

தாளம் போட்டது போல ஒரே இடைவெளியில் வந்தால்: லூப் பொருந்தவில்லை. லூப் முடியும் இடமும் தொடங்கும் இடமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு முனைகளையும் குழைத்து இணைக்கும் கிராஸ்ஃபேட் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

உரத்த இடங்களில் மட்டும் வந்தால்: பதியும்போது லெவல் அதிகமாகி அலையின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. 16 பிட்டில் 32,767க்கு மேல் எண் கிடையாது. இப்படிப் போனது எந்த அமைப்பிலும் திரும்பாது. லெவலைக் குறைத்து, உச்சத்திற்கு 6 டெசிபல் இடம் விட்டு மீண்டும் பதிய வேண்டும்.

பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தும்போது மட்டும் வந்தால்: எஸ்1000 ஒரே நேரத்தில் 16 குரல்களைத்தான் ஒலிக்கும். ஸ்டீரியோ பதிவு என்றால் ஒரு கட்டைக்கு இரண்டு குரல்கள். ஆக எட்டுக் கட்டைகள்தான். அதற்கு மேல் போனால் ஒலித்துக் கொண்டிருக்கும் ஒன்று திடீரென வெட்டப்படும். கட்டைகளைக் குறையுங்கள் அல்லது ரிலீஸ் நேரத்தைக் குறையுங்கள்.

கம்ப்யூட்டர் பக்கம் இருக்கும் காரணங்கள்

ஒழுங்கில்லாமல் அங்கங்கே வந்தால்: கம்ப்யூட்டர் வேறு வேலையில் மூழ்கி, ஓசையின் ஒரு துண்டைத் தவறவிடுகிறது. ரெக்கார்டிங் புரோகிராமில் பஃபர் அளவைக் கூட்டுங்கள். 256 என்றால் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய 6 மில்லி செகண்ட். 1024 என்றால் 23 மில்லி செகண்ட். பதிவு முடியும் வரை பிற புரோகிராம்களை மூடி வைத்திடவும்.

டிஜிட்டல் கேபிள் வழியாகப் பதிந்து, சீராக வந்தால்: இரண்டு சாதனங்களும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுகின்றன. ஒன்று நொடிக்கு 44,100, மற்றொன்று 44,101 என்று ஓடினால் நொடிக்கு ஒரு எண் இடறும். நொடிக்கு ஒரு ‘டிக்’ கேட்கலாம். சவுண்ட் கார்டு அமைப்பில் கிளாக் என்பதை இன்டர்னல் என்பதிலிருந்து எக்ஸ்டர்னல் என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

கேபிளை அசைத்தால் வந்தால்: ஜாக் தளர்ந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சில முறை செருகி எடுத்துப் பாருங்கள். சாம்ப்ளரின் மூடியை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் பவர் சப்ளை கப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மீண்டும் பதிய முடியாவிட்டால்?

கம்ப்யூட்டரில் உள்ள பதிவை இலவச ஆடாசிட்டி புரோகிராமில் திறந்து, முதலில் ஒரு காப்பி எடுத்துக் கொள்ளுங்கள். ‘டிக்’ உள்ள இடத்தை நன்றாகப் பெரிதாக்கினால் அலையில் முள் போன்ற தாவல் தெரியும். அதை மட்டும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் ரிப்பேர் கொடுங்கள். ஒரு முறைக்கு 128 எண்கள் வரைதான் இது சரி செய்யும். ஒரு ‘டிக்’கிற்கு அது பெரும்பாலும் போதும். பதிவு முழுவதற்கும் கிளிக் ரிமூவல் கொடுத்தால் தபலா, மிருதங்கம் போன்றவற்றின் கூர்மையான தட்டும் மழுங்கிப் போக வாய்ப்பு உண்டு.

எனவே முதலில் சேமியுங்கள், பிறகு கேளுங்கள், இடத்தைக் கண்டுபிடியுங்கள், கடைசியில் கை வையுங்கள். இந்த வரிசையில் சென்றால் நல்ல பதிவு எதையும் இழக்க மாட்டீர்கள்.