ஓய்வுக்குப் பின் மருத்துவக் காப்பீடு: அரசு தருவது எவ்வளவு, நாம் கட்ட வேண்டியது எவ்வளவு?

வேலையில் இருக்கும்வரை ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனியின் குரூப் பாலிசி பார்த்துக்கொள்ளும். ஓய்வு பெற்றதும் பெரும்பாலும் அதுவும் முடிந்துவிடும். அந்தப் பதற்றத்தில் கிடைத்த பாலிசியில் கையெழுத்துப் போடாதீர்கள். அரசிடம் உங்களுக்கு உரியதை முதலில் பெறுங்கள். அது எட்டாத செலவுக்கு மட்டும் பிரீமியம் கட்டுங்கள். ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கினால் நிதானமாக முடிக்கலாம்.

1. உங்களுக்கு உரிய அரசுத் திட்டம் எது?

* மத்திய அரசு ஓய்வூதியர்: சி.ஜி.எச்.எஸ். பணியில் இருந்தபோதைய ஊதிய நிலையைப் பொறுத்து மாதச் சந்தா 250 முதல் 1,000 ரூபாய். பத்து ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் ஆயுள் முழுவதும் செல்லும். அன்றாட பி.பி., சுகர் மாத்திரைகளும் கிடைக்கும் என்பதால் இதை விடவே கூடாது.
* தமிழக அரசு ஓய்வூதியர்: 2022-இல் தொடங்கிய புதிய மருத்துவக் காப்பீட்டில் ஓய்வூதியத்திலிருந்து மாதம் 497 ரூபாய் பிடித்தம். காப்பீட்டுத் தொகையான 5 லட்சம் ஓராண்டுக்கு அல்ல, நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து.
* இ.எஸ்.ஐ. தொழிலாளர்: குறைந்தது ஐந்து ஆண்டு காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயதை எட்டி விலகியவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தம்பதி இருவருக்கும் சிகிச்சை.
* குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு 5 லட்சம். வி.ஏ.ஓ. வழங்கும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வேண்டும்.
* 70 வயது நிறைந்தவர்: வருமான வரம்பு இல்லாத ஆயுஷ்மான் வய வந்தனா திட்டம், 2024 அக்டோபர் 29-இல் தொடங்கியது. ஆண்டுக்கு 5 லட்சம். சி.ஜி.எச்.எஸ். உள்ளவர்கள் இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். தனியார் பாலிசி இருந்தால் தடையில்லை.

2. ஆஸ்பத்திரியில் கேளுங்கள்

நீங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில், "இந்த அட்டைக்கு முட்டி ஆபரேஷன் இங்கே உண்டா? ஆஞ்சியோ உண்டா?" என்று சிகிச்சையின் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு ஆஸ்பத்திரி திட்டத்தின் பட்டியலில் இருந்தாலும் எல்லாப் பிரிவும் அதில் இருக்காது.

3. குரூப் பாலிசியை மாற்றிக் கேளுங்கள்

அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற, ஓய்வுக்கு முன்பே எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டு. குரூப் பாலிசியில் கழித்த காலம் அதில் கழியும்.

4. பிரீமியத்தோடு கைச்செலவையும் கூட்டுங்கள்

5 லட்சம் பாலிசியில் அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், டாக்டர் கட்டணம், ஆபரேஷன், நர்சிங் எல்லாமே எட்டில் ஐந்து பங்காகக் குறையும். அந்தச் செலவு 1,60,000 என்றால் 1,00,000 மட்டுமே ஏற்பார்கள். அதில் 20 சதவீத கோ-பேயும் (நாமே ஏற்க வேண்டிய பங்கு) இருந்தால் கைக்கு வருவது 80,000. மீதி 80,000 உங்கள் சேமிப்பிலிருந்து போகும். அறை வரம்பும் கோ-பேயும் இல்லாத பாலிசிக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கட்டுவது இதைவிட லாபம்.

5. சலுகைகளைக் கணக்கில் சேருங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துமுன் நிறுவனம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்தாக வேண்டும். பழைய வரிமுறையில் 80டி பிரிவின்கீழ் 50,000 வரை கழிவு உண்டு.

6. எதையும் மறைக்காதீர்கள்

சுகரோ ஸ்டென்ட்டோ, இருப்பதைப் படிவத்தில் எழுதுங்கள். மறைத்தால் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். பாலிசி கையில் வந்தபின் முழுதும் படியுங்கள்; பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்.

அட்டைகளும் பாலிசி எண்ணும் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். அவசரத்தில் கவுன்டரில் நிற்கப்போவது அவர்தான்.