வண்டியோடு போகும் எண்ணெய்: ஒரு ஜெரிகேனுக்குள் இருக்கும் இயற்பியல்



ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நானும் நண்பர்கள் மூவரும் பினாங்கிலிருந்து கிளந்தான் உட்பகுதிக்கு ஒரு பயணம் போனோம். குவா மூசாங்கிற்கு அப்பால், காட்டுக்குள் இருக்கும் ஒரு தெமியார் பூர்வகுடிக் கிராமத்துக்குப் புத்தகங்களும் சூரிய ஒளி விளக்குகளும் கொண்டு போவது திட்டம். நான்கு சக்கர இயக்க வாகனம் மட்டுமே போகக்கூடிய மண் பாதை அது. இரவில் பயன்படுத்த ஒரு சிறிய ஜெனரேட்டரும் வைத்திருந்தோம்.

ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வேண்டுமே! அறிவியல் ஆசிரியனான நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். வீட்டு மோட்டார் சைக்கிளிலிருந்து நான்கைந்து லிட்டர் பெட்ரோலை வடித்து, சமையல் எண்ணெய் வந்த பழைய பிளாஸ்டிக் கலனில் நிரப்பி, பின் இருக்கைக்குப் பின்னால் வைத்தேன். ஈப்போவைத் தாண்டிச் சிம்பாங் பூலாயிலிருந்து மலைப்பாதையில் ஏறினோம். கேமரன் மலையின் கம்போங் ராஜா அருகே நிறுத்தியபோது வண்டிக்குள் பெட்ரோல் நெடி தாங்க முடியவில்லை. ஒரு நண்பருக்குத் தலைவலி. கலனைப் பார்த்தால் பலூன் மாதிரி உப்பியிருந்தது. மூடியின் ஓரத்தில் ஈரம். அந்த நேரத்தில் இன்னொரு நண்பர் வண்டிக்கு அருகிலேயே நின்று சிகரெட் பற்ற வைக்கப் போனார். ஓட்டுநர் போட்ட சத்தத்தில் லைட்டர் கீழே விழுந்தது.

அன்று எதுவும் நடக்கவில்லை. ஆனால் நடந்திருக்கலாம். நான் செய்த தவறு ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கலன் ஏன் உப்பியது?

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, வெப்ப விரிவு. திரவங்கள் சூடானால் விரியும். பெட்ரோல் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகமாக விரியும். ஒவ்வொரு 1 பாகை செல்சியசுக்கும் அதன் கனஅளவு சுமார் 0.00095 பங்கு கூடுகிறது. 30 பாகையில் நிரப்பிய 20 லிட்டர் பெட்ரோல், வெயிலில் மூடி வைத்த வண்டிக்குள் 50 பாகைக்குச் சூடானால்:

20 × 0.00095 × 20 = 0.38 லிட்டர்

அதாவது ஒரு பெரிய கோப்பை அளவு பெட்ரோல் 'புதிதாக' வந்துவிடுகிறது. கலனை வாய்வரை நிரப்பியிருந்தால் அது எங்கே போகும்? கலனைத் தள்ளும், இல்லாவிட்டால் மூடி வழியே கசியும்.

இரண்டாவது, ஆவி. பெட்ரோல் எளிதில் ஆவியாகும் திரவம். சுமார் 38 பாகையில் அதன் ஆவியழுத்தம் ஏறக்குறைய 60 கிலோபாஸ்கல். இது வளிமண்டல அழுத்தத்தில் பாதிக்கும் மேல். சூடு ஏற ஏற இந்த அழுத்தமும் வேகமாக ஏறும்.

மூன்றாவது, உயரம். கேமரன் மலைக்குப் போகும் வழியில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் வளிமண்டல அழுத்தம் சுமார் 11 கிலோபாஸ்கல் குறைகிறது. வெளியிலிருந்து அழுத்தும் விசை குறைந்ததால் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. என் எண்ணெய்க் கலனுக்கும் இதுவே நடந்தது. மலைமேல் குளிர்ச்சி என்பதால் வெப்பத்தின் பங்கு அங்கே சற்றுக் குறைந்திருக்கும். உயரத்தின் பங்கு கூடியிருக்கும்.

அழுத்தம் சிறியதாகத் தெரிந்தாலும் விசை சிறியதல்ல. 20 லிட்டர் ஜெரிகேனின் அகன்ற பக்கம் ஏறக்குறைய 47 செ.மீ. உயரமும் 34.5 செ.மீ. அகலமும் கொண்டது. பரப்பளவு சுமார் 0.16 சதுர மீட்டர். உள்ளும் புறமும் 10 கிலோபாஸ்கல் வேறுபாடு இருந்தால்:

விசை = அழுத்தம் × பரப்பளவு = 10,000 × 0.16 = 1,600 நியூட்டன்

இரண்டு பெரியவர்கள் அந்தப் பக்கத்தின் மேல் ஏறி நிற்பதற்கு இது சமம். மெல்லிய பிளாஸ்டிக் இதைத் தாங்குமா?

2. ஜெரிகேன் எப்படித் தாங்குகிறது?

1937ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனி தன் இராணுவத்துக்காக இந்தக் கலனை வடிவமைத்தது. அதே காலத்தில் பிரிட்டிஷ் இராணுவம் பெட்ரோலை 4 கேலன் மெல்லிய தகரப் பெட்டிகளில் அனுப்பி வந்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் லாரிகள் குலுங்கியபோது அந்தப் பெட்டிகளின் விளிம்புகள் விட்டு, வழியெங்கும் பெட்ரோல் ஒழுகி வீணானது. ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய கலன்களைப் பார்த்த பிரிட்டிஷ் வீரர்கள் அவற்றையே விரும்பிப் பயன்படுத்தினார்கள். ஜெர்மானியரை அவர்கள் 'ஜெரி' என்று பட்டப்பெயரிட்டு அழைப்பது வழக்கம். 'ஜெரியின் கேன்' ஜெரிகேன் ஆனது. பிறகு பிரிட்டனும் அமெரிக்காவும் அதைப் பார்த்துத் தாங்களும் செய்தன.

அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை உண்டு:

• பக்கங்களில் பெருக்கல் குறி போன்ற பள்ளம்: தட்டையான தகட்டைவிட மடிப்புள்ள தகடு உறுதியானது. எண்ணெய் விரியும்போது சற்று அசைந்து கொடுக்கவும் உதவும்.

• மேலே மூன்று கைப்பிடிகள்: நடுப்பிடியை ஒருவர் பிடிக்கலாம், ஓரப்பிடிகளை இருவர் பிடிக்கலாம். காலிக் கலன்கள் என்றால் ஒரே கையில் இரண்டைத் தூக்கலாம்.

• கைப்பிடிக்குக் கீழே உள்ள காற்று இடம்: 20 லிட்டர் ஊற்றிய பிறகும் இந்த இடம் காலியாக இருக்கும். நாம் கணக்கிட்ட 0.38 லிட்டர் விரிவுக்கு இடம் தருவது இதுதான். பெட்ரோல் நிரம்பிய கலன் தண்ணீரில் மிதப்பதற்கும் இது துணை செய்கிறது.

• வாயருகே சிறிய காற்றுக்குழாய்: ஊற்றும்போது காற்று உள்ளே நுழைவதால் 'குளுக் குளுக்' என்று தெறிக்காமல் சீராக ஓடும்.

• இரண்டு பாதித் தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த ஓரம் பள்ளத்துக்குள் அமைந்திருப்பதால், அடிபட்டாலும் விளிம்பு விடாது.

இன்று எஃகுக் கலன்களோடு, எரிபொருளுக்கென்றே செய்யப்படும் தடித்த பாலிஎத்திலீன் கலன்களும் கிடைக்கின்றன. குடிநீர் பாட்டிலும் சமையல் எண்ணெய்க் கலனும் இந்த வகையில் சேராது. மேலும், தண்ணீர் பாட்டிலில் இருக்கும் பெட்ரோலைத் தண்ணீர் என்று நினைத்து ஒரு குழந்தை குடித்துவிடும் ஆபத்தும் உண்டு.

3. கண்ணுக்குத் தெரியாத ஆவி

திரவப் பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவி காற்றோடு கலந்துதான் எரிகிறது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 விழுக்காட்டிலிருந்து 7.6 விழுக்காடு வரை இருந்தால் ஒரு பொறி போதும். தீப்பற்றும் அளவுக்கு ஆவியைத் தர பெட்ரோலுக்குச் சுமார் மைனஸ் 40 பாகை வெப்பநிலையே போதும். ஆகவே நம் நாட்டில் எந்த நாளும், எந்த நேரமும் அது தயாராகவே இருக்கிறது. டீசலுக்கு 50 பாகைக்கு மேல் வேண்டும். அதனால் டீசல் ஓரளவு பாதுகாப்பானது. ஆனால் சூடான புகைபோக்கியின் மேல் ஒழுகினால் அதுவும் தீப்பிடிக்கும்.

இன்னொரு செய்தியும் முக்கியம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளங்களில் தேங்கும். சற்றுத் தள்ளி எரியும் அடுப்பைக் கூட அது தேடிப் போகும். என் நண்பரின் லைட்டர் கீழே விழுந்தபோது எரியாமல் இருந்தது எங்கள் நல்ல காலம்.

பொறி சிகரெட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. குழாய் வழியே பாயும் பெட்ரோலில் நிலைமின்னூட்டம் உருவாகிறது. பிக்கப் வண்டியின் பின்தட்டில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கலனை வைத்து நிரப்பினால், அந்த மின்னூட்டம் தரைக்குப் போக வழியில்லை. கலனைத் தரையில் இறக்கி வைத்து, குழாயின் உலோக முனை கலனின் வாயைத் தொட்டபடி மெதுவாக நிரப்ப வேண்டும் என்பது இதனால்தான்.

4. கூரையில் ஏற்றலாமா?

சாகசப் பயணப் படங்களில் வண்டிக் கூரைமேல் ஜெரிகேன்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். 1993இல் சாபாவில் நடந்த கேமல் டிராஃபி பயணத்தின் படங்களைப் பார்த்தால், மஞ்சள் நிற வண்டிகளின் கூரையில் ஏராளமான சுமை இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் ஈர்ப்பு மையத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பள்ளியில் இதை 'பூசாட் கிராவித்தி' என்று மலாயில் படிக்கிறீர்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் பொருண்மை சுமார் 0.74 கிலோ. 20 லிட்டருக்கு ஏறக்குறைய 15 கிலோ. எஃகுக் கலன் சுமார் 4 கிலோ. ஆக ஒரு கலன் 19 கிலோ. நான்கு கலன்கள் 76 கிலோ.

வண்டியின் பொருண்மை 1,800 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.70 மீட்டர், கூரை 1.9 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

புதிய உயரம் = (1,800 × 0.70 + 76 × 1.9) ÷ 1,876 = 0.75 மீட்டர்

இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதி 0.75 மீட்டர் என்றால், பக்கச் சரிவில் வண்டி கவிழும் கோணம் 47 பாகையிலிருந்து 45 பாகையாகக் குறைகிறது. 'இரண்டு பாகைதானே' என்று தோன்றும். ஆனால் இது அசையாமல் நிற்கும் வண்டிக்கு உரிய கணக்கு. உண்மையில் சேற்றில் ஒரு சக்கரம் இறங்கும், சுருள்வில் அமுங்கும், பாதி நிரம்பிய கலனுக்குள் எண்ணெய் சரிவின் பக்கமே ஓடிச் சேரும். அதனால் வண்டி இதைவிடக் குறைந்த கோணத்திலேயே கவிழக்கூடும்.

அதே நான்கு கலன்களைப் பிக்கப் வண்டியின் திறந்த பின்தட்டில், 0.8 மீட்டர் உயரத்தில் கட்டினால் ஈர்ப்பு மையம் 0.704 மீட்டர்தான். வேறுபாடு நான்கு மில்லிமீட்டர்!

பின்கதவில் தொங்கவிட்டால் என்ன? அங்கே திருப்புத்திறன் வேலை செய்யும். பின் அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் இரண்டு கலன்கள், அதாவது 38 கிலோ. அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர். முன் சக்கரங்களின் மேல் உள்ள சுமை 38 × 0.9 ÷ 2.4 = சுமார் 14 கிலோ அளவு குறையும். அதைவிடப் பெரிய கவலை, பின்னால் வரும் வண்டி மோதினால் முதலில் அடிபடுவது அந்தக் கலன்களே.

ஆகவே மூன்று விதிகள்: தாழ்வாக வை, அச்சுகளுக்கு இடையே வை, ஆட்கள் அமரும் அறைக்கு வெளியே வை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் சொந்தத் தொட்டியில் இடம் கிடைத்தவுடன் கலனில் உள்ளதை அதில் ஊற்றிவிட வேண்டும். தொட்டி தாழ்வாகவும் பாதுகாப்பாகவும் அமைந்த இடம்.

5. எவ்வளவு வேண்டும்?

பயத்தில் அதிகம் ஏற்றுவதும் தவறு. கணக்குப் போடுங்கள். கடைசிப் பெட்ரோல் நிலையத்திலிருந்து காட்டு வழி தொடங்கும் இடம் வரை 40 கி.மீ.; காட்டுக்குள் 90 கி.மீ. என்போம். தார்ச்சாலையில் லிட்டருக்கு 8 கி.மீ. ஓடும் வண்டி, சேற்றில் தாழ்ந்த கியரில் 3 கி.மீ.தான் ஓடும்.

போய்வரத் தார்ச்சாலைக்கு: 80 ÷ 8 = 10 லிட்டர்
போய்வரக் காட்டுப் பாதைக்கு: 180 ÷ 3 = 60 லிட்டர்
பாலம் உடைந்து சுற்றிப் போக நேர்ந்தால், மூன்றில் ஒரு பங்கு கூடுதல்: 23 லிட்டர்
மொத்தம்: 93 லிட்டர்

தொட்டி 70 லிட்டர் என்றால் குறைவது 23. இரண்டு கலன்கள் போதும், நான்கு வேண்டாம்.

ஒரு கலனில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது தெரியுமா? ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல். 20 லிட்டரில் 640 மெகாஜூல். ஒருவர் ஒரு நாளில் உண்ணும் 2,000 கிலோகலோரி உணவு சுமார் 8.4 மெகாஜூல். ஒரு ஜெரிகேனில் இரண்டரை மாதச் சாப்பாட்டின் ஆற்றல் அடங்கியிருக்கிறது! அது பயனாவதும் ஆபத்தாவதும் இதனால்தான்.

சட்டமும் உண்டு. நம் நாட்டில் மானிய விலை பெட்ரோலும் டீசலும் 1961ஆம் ஆண்டின் வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவற்றைக் கலன்களில் வாங்க அனுமதி வேண்டும். பயணத்துக்கு முன் பெரியவர்கள் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

செய்து பாருங்கள் (பெட்ரோலைத் தொடவே கூடாது!)

1. காலிப் பிளாஸ்டிக் பாட்டிலை நன்றாக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு வெளியே எடுத்து வெயிலில் வையுங்கள். பக்கங்களை அழுத்திப் பாருங்கள். என்ன வேறுபாடு?

2. பொம்மைக் காரைப் பலகைமேல் பக்கவாட்டில் நிறுத்திப் பலகையை மெல்லச் சாயுங்கள். எந்தக் கோணத்தில் கவிழ்கிறது? களிமண் உருண்டையைக் கூரையில் ஒட்டி மறுபடியும் பாருங்கள். பிறகு அதே உருண்டையை அடியில் ஒட்டிப் பாருங்கள். மூன்று கோணங்களையும் எழுதுங்கள்.

சிந்தியுங்கள்

1. வெயிலில் இருந்த ஜெரிகேனின் மூடியை ஏன் ஒரேயடியாகத் திறக்காமல் மெதுவாகத் தளர்த்த வேண்டும்?
2. டீசலின் அடர்த்தி லிட்டருக்கு சுமார் 0.84 கிலோ. நான்கு டீசல் கலன்களைக் கூரையில் ஏற்றினால் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கும்?
3. முற்றிலும் நிரம்பிய கலனா, பாதி நிரம்பிய கலனா? சரிவில் எது அதிகத் தொல்லை தரும்? ஏன்?

விடைகளை எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டில் யாராவது மோட்டார் சைக்கிள் கூடையில் குடிநீர் பாட்டிலில் பெட்ரோல் கொண்டு போனால், முதல் கேள்வியின் விடையை அவரிடமும் சொல்லுங்கள்.