ஜிபே ஒலித்தால் நாடு முந்திவிட்டதா?

ஜெர்மனியில் இன்னும் காசை எண்ணிக் கொடுக்கிறார்கள், இங்கே இளநீர்க் கடையிலும் ஜிபே இருக்கிறது, ஆகவே இணையத்தில் ஐரோப்பாவை இந்தியா முந்திவிட்டது என்ற கூற்று, திருப்பூரை அடுத்த முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் டீக்கடை முதல் பனியன் கம்பெனி அலுவலகம் வரை அலுக்காமல் உலவி வருகிறது. ‘ஆகவே’ என்பதற்கு முன்னால் உள்ளவை உண்மை. பின்னால் வருவது பிழை. ஜெர்மனியின் மத்திய வங்கி 2023-இல் நடத்திய ஆய்வின்படி, அங்கே பாதிக்குச் சற்று மேற்பட்ட கொடுக்கல்வாங்கல்கள் ரொக்கத்தில்தான் நடந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கே, ஜிபே போன்ற செயலிகள் பயன்படுத்தும், வங்கிக் கணக்குகளுக்கிடையே கைப்பேசிவழி உடனுக்குடன் பணம் மாற்றும் முறையான யூபிஐ, ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிமாற்றங்களைக் கடந்தது. ஆனால், ஒருவரே ஒரு நாளில் பத்து முறை ஸ்கேன் செய்தால் பரிமாற்றம் பத்தாகுமே தவிர ஆள் பத்தாவதில்லை என்ற எளிய கணக்கை, நூல் விலையைப் பைசா பிசகாமல் கணக்கிடுபவர்களும் மறந்துவிடுவது வியப்பே.

நாடுகளை ஒப்பிடும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், கடந்த மூன்று மாதங்களில் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்றே கேட்கிறது. ஜெர்மனியில் அந்த விடை தொண்ணூறைத் தாண்டும். இந்தியாவிலோ, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்ன 15 முதல் 49 வயதுடைய ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு மட்டுமே. அதன்பின் இவ்விகிதம் உயர்ந்திருக்கிறது என்பது மெய். ஐரோப்பாவை முந்திவிட்டது என்பது மெய்யன்று.

கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றத்துக்கு இணையமே தேவையில்லை என்பதை, ஆடை ஏற்றுமதியில் நமக்குப் போட்டி நாடான வங்கதேசமே காட்டுகிறது: 2011-இல் தொடங்கிய பிகாஷ் சேவை சாதாரணப் பொத்தான் கைப்பேசியிலும் இயங்குகிறது, 2020-இல் கொரோனா நிவாரணக் கடனிலிருந்து ஆடைத் தொழிலாளர் ஊதியம் அங்கே இத்தகைய கணக்குகள் வழியாகவும் போய்ச் சேர்ந்தது.

இந்தியாவில் 95 கோடி இணையப் பயனர் என்பதும் தவறு. அது 2024 மார்ச் நிலவரப்படி இணைப்புகளின் எண்ணிக்கை, ஒருவரிடமே இரண்டு சிம் இருக்கலாம். பயனர் எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கா என்றால், அது சீனாவுக்கு.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், ஒரு பொருளின் மூலப்பொருள் முதலான விவரங்களை மின்னணு முறையில் தாங்கும் ‘பொருள் கடவுச்சீட்டு’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவருகிறது. ஆடைகளும் அதன் முன்னுரிமைப் பட்டியலில் உள்ளதால், ஐரோப்பாவுக்கு அனுப்பும் நம் பனியனையும் அது தொடும். ஸ்கேன் செய்து பணம் அனுப்ப மட்டும் தெரிந்த கைகளால் அந்த விவரங்களைப் பதிய இயலாது. ஆகையால் பின்னலாடைக் கல்லூரி இயங்கும் இந்த முதலிபாளையத்திலேயே, ஷிப்டு முடிந்து வரும் தையல், செக்கிங் பெண்களும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களும் கட்டணமின்றி அமர்ந்து பழக, கணினிகள் கொண்ட ஒரு பொது நூலகத்தைத் தொழில் அமைப்புகள் அமைத்துத் தர வேண்டும்.