பல்லாவரத்து மொட்டை மாடியில் லேசர்: வாங்கலாமா?

கேள்வி: நான் பல்லாவரத்தில் குடியிருக்கிறேன். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வானம் பார்ப்பதில் அளவு கடந்த ஆர்வம். அவ்வப்போது நண்பர்கள் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடுவார்கள். நட்சத்திரங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருப்போம். அதற்காகவும், தீக்குச்சி கொளுத்துவது, பலூன் உடைப்பது போன்ற வேடிக்கைகளுக்காகவும் சக்திவாய்ந்த கையடக்க லேசர் ஒன்று வாங்க நினைக்கிறேன். என்னிடம் இருப்பது மூவாயிரம் ரூபாய். அந்த விலைக்குள் ஆன்லைனில் '1000 மில்லிவாட் நீல லேசர்' ஒன்று கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருள். பார்சல் மேல் 'டார்ச் லைட்' என்று எழுதி அனுப்புவதால் கஸ்டம்ஸ் தொல்லை இருக்காது என்கிறார் விற்பவர். அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து வரும் சித்தப்பாவிடம் சொல்லியும் வாங்கலாம். இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா? பொருள் சரியில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? வீட்டில் பள்ளிக்கூடம் போகும் தம்பி ஒருவனும் இருக்கிறான்.
- ஒரு வாசகர், பல்லாவரம்

பதில்: லைசென்ஸ் தேவையில்லை. கையடக்க லேசரை வாங்கவோ வீட்டில் வைத்திருக்கவோ உரிமம் எடுக்கச் சொல்லும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆயுதச் சட்டத்துக்குள்ளும் அது வராது. தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைத்த பொருள்களைத்தான் அந்தச் சட்டம் ஆயுதம் என்கிறது. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நீங்கள் ஆர்டர் போட்டுவிடக் கூடாதே என்றுதான் மேற்கொண்டு எழுதுகிறேன். வாங்கும்போது சட்டம் உங்களிடம் எதையும் கேட்பதில்லை. அதை எரியவிட்ட பிறகு நடக்கும் அத்தனைக்கும் உங்களிடம்தான் கேட்கும். உங்கள் முகவரி பல்லாவரம் என்பதால் கூடுதலாகவே கேட்கும்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது உங்கள் ஊர். இறங்கும் விமானங்களும் ஏறும் விமானங்களும் உங்கள் பகுதிக்கு மேல் எவ்வளவு தாழ்வாகப் போகின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. லேசர் எவ்வளவு தூரம் போனாலும் சிறு புள்ளியாகவே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தூரம் கூடக்கூட அது விரிகிறது. விமானத்தின் முன்கண்ணாடியில் பட்டதும் அங்குள்ள நுண்கீறல்களிலும் தூசியிலும் சிதறி, விமானி அறை முழுக்க வெளிச்சமாகப் பரவுகிறது. இருட்டுக்குப் பழகிய கண் கூசிப்போகிறது. ஓடுபாதை விளக்குகளைப் பார்த்துத் தரையிறக்க வேண்டிய கடைசி நிமிடங்களில் இது நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 2025-இல் சென்னையில் தரையிறங்க வந்த விமானங்கள் மீது லேசர் ஒளி பாய்ச்சப்பட்டதாகச் செய்திகள் வந்தன. நட்சத்திரத்தைத்தான் காட்டினேன், விமானத்தைக் குறிவைக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கீழே நான் சொல்லப்போகும் முதல் பிரிவுக்குக் குறிவைத்த நோக்கம் தேவையே இல்லை.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆவது பிரிவைச் சொல்கிறேன். அடுத்தவர் உயிருக்கோ உடல் பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி முரட்டுத்தனமாகவோ கவனக்குறைவாகவோ ஒரு செயலைச் செய்தாலே குற்றம். யாருக்கும் காயம் படவில்லை என்றாலும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். காயம் ஏற்பட்டால் ஆறு மாதம், 5,000 ரூபாய். கொடுங்காயம் என்றால் மூன்று ஆண்டு, 10,000 ரூபாய். கொடுங்காயம் எது என்பதை 116-ஆவது பிரிவு வரிசையாகச் சொல்கிறது. ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவது அதில் இரண்டாவதாகவே வருகிறது. வேண்டுமென்றே ஒருவர் கண்ணில் அடித்துப் பார்வை போனால் 117-ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை போகலாம்.

அடுத்தது தடை உத்தரவு. பழைய 144 என்று நாம் அறிந்தது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவு. நாட்டின் பெரு நகரங்களில் விமான நிலையங்களைச் சுற்றி லேசர் ஒளியைப் பாய்ச்சக் கூடாது என்று காவல்துறையினர் உத்தரவிடுவது வழக்கமாகிவிட்டது. இப்படிப்பட்ட உத்தரவு சாதாரணமாக இரண்டு மாதத்துக்குத்தான் செல்லும். மாநில அரசு நினைத்தால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். அதனால் இன்றைக்கு நடப்பில் இருப்பது எது என்று தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நடப்பில் உள்ள உத்தரவைத் தெரிந்தே மீறினால் 223-ஆவது பிரிவு பாயும். அதனால் மனித உயிருக்கு ஆபத்து என்றால் ஓராண்டு வரை சிறை. 'தெரிந்தே' என்பது அந்தப் பிரிவில் முக்கியமான நிபந்தனை. உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வமான புகார் இல்லாமல் நீதிமன்றம் அந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்கவும் முடியாது. வழக்கு வந்தபின் வாதாட இவையெல்லாம் வழக்கறிஞர்களான எங்களுக்குப் பயன்படும். ஆனால் இருபதுகளில் இருக்கும் ஒருவர், பாஸ்போர்ட் விசாரணைக்கும் வேலைக்கான நன்னடத்தைச் சான்றுக்கும் போக வேண்டிய வயதில், ஒரு எஃப்.ஐ.ஆரைச் சுமந்துகொண்டு அலைவதை நான் விரும்பவில்லை.

இனி நீங்கள் வாங்க நினைக்கும் பொருளுக்கு வருவோம். லேசர்களை ஆபத்தின் அளவுப்படி வகுப்பு பிரிக்கும் ஐ.இ.சி. 60825 என்ற பன்னாட்டுத் தரநிலையை நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி என்றால் 1 மில்லிவாட் வரை இரண்டாம் வகுப்பு. 5 மில்லிவாட் வரை 3ஆர். 500 வரை 3பி. அதற்கு மேல் நான்காம் வகுப்பு. அதுதான் கடைசி, அதற்கு மேல் வகுப்பே கிடையாது. உங்கள் 1000 மில்லிவாட் அங்கே இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் நம்மைக் காப்பாற்றுவது இமை: கூசியதும் கால் நொடியில் மூடிக்கொள்ளும். நான்காம் வகுப்பில் இமை மூடுவதற்குள் விழித்திரை வெந்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் என்ன நடந்தது என்பதே பிறகுதான் புரியும். நேராகக் கண்ணில் படக்கூட வேண்டாம். கதவுக் கைப்பிடி, எவர்சில்வர் டம்ளர், ஜன்னல் கண்ணாடி இவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியே போதும். பலூனுக்குப் பின்னால் உள்ள சுவரில் விழும் புள்ளியைப் பக்கத்திலிருந்து உற்றுப் பார்ப்பதும் ஆபத்து. நீல ஒளியில் இன்னொரு கெடுதல் உண்டு. நம் கண் நீலத்தை மங்கலாகவே உணரும். ஆகவே எவ்வளவு சக்தி உள்ளே போகிறது என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது.

மூவாயிரம் ரூபாய்க்கு வரும் லேசரின் ஸ்டிக்கரை நம்பவும் முடியாது. 1000 என்று போட்டிருப்பது 200 ஆக இருக்கலாம். 5 என்று போட்டிருப்பது 50 ஆக இருக்கலாம். இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2013-இல் 122 லேசர் பாயின்ட்டர்களைச் சோதித்து முடிவை வெளியிட்டது. பச்சை நிறத்தில் ஏறத்தாழ 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அந்நாட்டு விதிகளுக்குப் பொருந்தவில்லை. மலிவான பச்சை லேசரில் உள்ளே முதலில் உண்டாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைத்தான் படிகங்கள் பச்சையாக மாற்றுகின்றன. மாறாமல் மிஞ்சும் கதிரைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். காசு மிச்சம் பிடிக்க அதைப் போடாமல் விடுகிறார்கள்.

லேசரோடு இலவசமாக வரும் பச்சைக் கண்ணாடியையும் நம்பாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி என்றால் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுக்கும் என்ற எண் அதன் ஃபிரேமிலேயே பொறித்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒன்றை உங்களுக்கும், மாடியில் நிற்கும் ஒவ்வொரு நண்பருக்கும் வாங்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மூவாயிரத்தில் லேசருக்கு ஒன்றும் மிஞ்சாது.

பணம் திரும்பக் கிடைக்குமா என்றால், சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தே அது பலிக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் சொன்ன சக்தி இல்லை என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? ஆணையம் பொருளை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம்; அந்தக் கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டும் என்கிறது 38-ஆவது பிரிவு. மூவாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அது கட்டுப்படியாகுமா என்று யோசியுங்கள்.

காயம் பட்டால் இழப்பீடு கேட்பதற்குப் பொருள் பொறுப்பு என்ற தனி அத்தியாயமே இந்தச் சட்டத்தில் இருக்கிறது. தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவர் இந்தியச் சட்டத்தின் கைக்கு எட்டாதவராக இருந்தாலோ, விற்றவரையே பொறுப்பாக்கலாம் என்கிறது 86-ஆவது பிரிவு. நுகர்வோருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் விற்றவரும் கடல் கடந்து, பெயர் மட்டும் உள்ள ஒரு கணக்காக இருந்தால் அந்தப் பிரிவை வைத்து யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது? ஆகவே எதை வாங்கினாலும் பெட்டியின் மேல் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், அதிகபட்ச சில்லறை விலை, புகார் எண் எல்லாம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சட்டமுறை எடையளவு விதிகள் 2011 இதைக் கட்டாயமாக்குகின்றன. வகுப்பும் அலைநீளமும் பில்லில் எழுதியிருக்கட்டும். விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இன்னொன்று: உள்ளே உள்ள சிறு திருகைத் திருப்பி மின்னோட்டத்தைக் கூட்டலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். அதைச் செய்த நிமிடமே பொருளை மாற்றியமைத்தவர் ஆகிவிடுவீர்கள். 87-ஆவது பிரிவு எதிர்த்தரப்பைக் காப்பாற்றும்.

'டார்ச் லைட்' என்று எழுதி வரும் பார்சலை வாங்கவே வாங்காதீர்கள். சொன்ன விவரத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் பொருந்தாத சரக்கைப் பறிமுதல் செய்ய சுங்கச் சட்டம் 1962-இன் 111-ஆவது பிரிவு இடம் தருகிறது. அபராதத்துக்கு 112. பொய்யென்று முன்கூட்டியே தெரிந்துதான் வாங்குகிறீர்கள் என்பதற்கு அந்த விற்பனையாளரோடு நீங்கள் செய்த சாட்டே சாட்சியாகும்.

சித்தப்பாவை இதில் இழுக்க வேண்டாம். சிங்கப்பூரில் 3பி, நான்காம் வகுப்பு லேசர்கள் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் இருப்பவை. இங்கே லைசென்ஸ் கேட்காத பொருளுக்காக அங்கே வேலை பார்க்கும் ஒருவர் சிக்கலில் மாட்டக் கூடாது.

தம்பியைப் பற்றி எழுதியது நல்லது. கைக்கு எட்டும் இடத்தில் நீங்கள் வைத்ததை அவன் எடுத்துப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கண்ணில் அடித்தால், அவன் சிறுவன் என்பது அவனுக்குத்தான் பாதுகாப்பு. கவனக்குறைவாக வைத்தவர் என்ற வகையில் இழப்பீட்டு வழக்கு உங்கள் மேல் வரலாம்.

நட்சத்திரம் காட்ட 1000 மில்லிவாட் தேவையே இல்லை. இரவில் நம் கண்ணுக்குப் பச்சை நன்றாகத் தெரியும். வானியல் ஆர்வலர்கள் 5 மில்லிவாட்டுக்குள் உள்ள பச்சையையே பயன்படுத்துகிறார்கள். முழு விவரமும் பில்லும் உள்ள அப்படி ஒன்றை வாங்குங்கள். ஆனால் பல்லாவரத்து மாடியில் அதையும் வானத்தை நோக்கி எரியவிடாதீர்கள். விமானப் பாதையை விட்டு விலகிய ஊருக்கு நண்பர்களோடு போங்கள். அங்கும் விமான விளக்கு தெரிந்தால் உடனே அணையுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் போனால் காவலூர் வானாய்வகம் இருப்பதை நினைவில் வையுங்கள். தொலைநோக்கிகள் பார்க்கும் வானத்தின் குறுக்கே லேசர் பாய்ச்சுவது அங்கே வேலை செய்பவர்களுக்குப் பெரிய தொல்லை. உங்கள் மாடிக் கூட்டத்துக்கு லேசர் எதற்கு? மீதிப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு பைனாகுலர் வாங்கினால், வியாழனின் நிலவுகளை ஒவ்வொருவராகப் பார்க்கலாம்.

இந்தக் கடிதத்தை அனுப்பியபின் ஆர்டர் போட்டிருந்தால், பொருள் அனுப்பப்படுவதற்கு முன் ரத்து செய்யுங்கள். வந்து சேர்ந்துவிட்டால் பிரிக்காமல் திருப்பி அனுப்ப விண்ணப்பியுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.